இடது ஓரம்

சென்ற இதழில் வந்த ஒரு கவிதையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அது ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றிய கட்டுரையாகப் போய்விட்டது. தவறு முழுக்க என்னுடையது அல்ல. கவிதையே அந்த விளையாட்டைத் தன் முதுகெலும்பாக வைத்துக்கொண்டிருந்தது. ஒரகடம் சாலையில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் பையன்கள் எல்லோரும் மாரியோ. தொழிற்சாலை வாயில்கள் பச்சைக் குழாய்கள். சம்பளம், தலையால் முட்டிப் பெறுகிற காசு. கடைசியில் இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள். இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை பிடித்திருந்தது. இரண்டாம் முறை, எல்லாம் இவ்வளவு சௌகரியமாகப் பொருந்துகிறதே என்று எரிச்சல் வந்தது. இப்படி அலுங்காமல் பொருந்திப்போகும் இரண்டு விஷயங்களில் ஒன்றையாவது கவிஞர் சரியாகப் பார்த்திருக்கமாட்டார். இங்கே இரண்டையுமே பார்க்கவில்லை என்பது என் கட்சி.

அதற்குமுன், இன்னொருவருக்குச் சின்னப் பதில். நம் வட்டத்துப் பெரியவர் ஒருவர் அந்தக் கவிதையைச் சாக்கிட்டு, ‘இனிமேல் கோலிகுண்டுக்கும் விமர்சனம் வருமோ?’ என்று கேட்டார். வரலாம். கோலிகுண்டின் உருவத்தைப் பற்றி நாலு வரி யோசித்து எழுத ஆள் கிடைத்தால் நானே முதலில் வாசிப்பேன். ‘விளையாட்டு’ என்ற சொல் தமிழில் பொறுப்பின்மை என்கிற வாடையோடு புழங்குகிறது, ‘விளையாட்டாய்ச் சொன்னேன்’ என்கிற மாதிரி. ஆனால் உலகத்தை ஆக்குவதையும் காப்பதையும் அழிப்பதையும் ஒரு விளையாட்டு என்று சொல்லித்தானே கம்பன் தன் காவியத்தையே தொடங்கினான்? பெரியவருக்கு இது போதும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஜப்பானில் 1985 செப்டம்பர் 13ஆம் தேதி வெளியாயிற்று. வெளியிட்ட நிண்டெண்டோ, கியோட்டோவில் 1889இல் பூச்சீட்டு தயாரிக்கத் தொடங்கிய ஸ்தாபனம். வடிவமைத்தவர்கள் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும். இசை கோஜி கொண்டோ. இதற்கு முன்னாலும் ஓடித் தாவுகிற விளையாட்டுகள் இருந்தன. மியாமோட்டோவின் ‘டாங்கி காங்’ (1981) ஒரே நிலைத்த திரைக்குள் நடப்பது. நாம்கோவின் ‘பேக்-லேண்ட்’ (1984) திரையைப் பக்கவாட்டில் நகர்த்தி ஆளை ஓடவும் விட்டுவிட்டது. ஆகையால் ‘முதலாவது’ என்கிற பட்டத்தை இதற்குச் சூட்ட நான் முனையவில்லை. முதலாவது என்பது வரலாற்றாசிரியன் கவலை. ஓட்டம், தாவல், திரையின் நகர்வு மூன்றும் ஒரே மொழியாகச் சேர்ந்தது இதில்தான் என்பதே விமர்சகன் கவனிக்க வேண்டியது.

மொத்தம் 40 கிலோபைட். இந்தக் கட்டுரையைக் கணினியில் யூனிகோடில் சேமித்தால் அதைவிட அதிக இடம் பிடிக்கும். நாம் சொற்சிக்கனம் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம், பல கவிஞர்கள் அதைப் பற்றிப் பேசியே இரண்டு தொகுதி போட்டாயிற்று. இந்த விளையாட்டில் மேலே மிதக்கும் மேகத்தையும் கீழே நிற்கும் புதரையும் பாருங்கள். இரண்டும் ஒரே வடிவம். வெள்ளையாக இருந்தால் மேகம், பச்சையாக இருந்தால் புதர். மாரியோவுக்கு மீசை ஏன்? சில புள்ளிகளே கிடைக்கும் முகத்தில் வாய் வரைய இடமில்லை. தொப்பி ஏன்? அத்தனை சின்ன உருவத்தில் தலைமயிரை வரைவதும் அது காற்றில் அசைவதைக் காட்டுவதும் முடியாத காரியம். பின்னால் கோடிக்கணக்கான பேர் சட்டையில் போட்டுத் திரிந்த ஒரு முகம் இப்படிக் கைக்கு எட்டாதவற்றின் கழிவிலிருந்து பிறந்தது.

முதல் கட்டத்தின் முதல் திரையை நான் ஒரு கவிதையின் முதல் வரியாக எண்ணி வாசித்திருக்கிறேன். ஆள் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் பார்த்து. வலப்பக்கம் வெற்றிடம். ‘இப்படிப் போ’ என்று எங்கும் எழுதியில்லை. இடம் காலியாக இருப்பதே சொல்லிவிடுகிறது. கொஞ்சம் நடந்தால் மினுங்குகிற கேள்விக்குறிப் பெட்டி, எதிரே ஒரு காளான் மூஞ்சி. தொட்டால் சாவு. பழைய இடத்துக்கே வந்து நிற்கிறோம். நஷ்டம் சில விநாடிதான். அடுத்த தடவை தாவுகிறோம், தாவும்போது பெட்டி தலையில் இடிக்கிறது, உள்ளிருந்து இன்னொரு காளான் வருகிறது. இதுவும் எதிரியோ என்று பயம். அது வலப்பக்கம் ஓடி, குழாயில் முட்டி, திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. மேலே கற்கள் இருப்பதால் தாவித் தப்புவதும் கடினம். தொட்டுவிடுகிறது. ஆள் பெரியவனாகிறான். பயந்தது கொடையாகிவிட்டது. ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் நடந்த இந்தப் பாடம் அரை நிமிஷம்கூட எடுக்கவில்லை. அதே கட்டத்தின் கடைசியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும், நடுவில் பள்ளம். விழுந்தால் ஒன்றுமில்லை, பள்ளத்துக்குத் தரை இருக்கிறது. சற்றுத் தள்ளி அதே மாதிரி இன்னொரு ஜோடி. இதற்குத் தரை கிடையாது. முதல் பள்ளம் ஒத்திகை என்பது இரண்டாவதில் விழுந்தவனுக்குத்தான் தெரியும்.

தாவலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். விரலை எவ்வளவு நேரம் அழுத்தி வைத்திருக்கிறோமோ அவ்வளவு உயரம். கால் தரையை விட்டபிறகும் உயரம் நம் வசம் இருக்கிறது. காற்றிலேயே திசையையும் சற்று மாற்றலாம். பௌதிக விதிப்படி பொய். ஆனால் ஓடிவந்து தாவிய எந்த உடம்புக்கும், அந்தரத்தில் இருக்கும் கணத்தில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று எக்குகிற ஒரு எண்ணம் உண்டே, அது இங்கே நிஜமாகிறது. நான் சொல்லும் உருவம் இதுதான். நண்பர் கவிதையில் தாவல் என்ற சொல் ஒரு தரம்கூட வரவில்லை. மாரியோவைப் பற்றிய கவிதை!

இப்போது இடது ஓரம்.

முன்னேறினால் திரை நகரும். திரும்பி இடப்பக்கம் நடந்தால், திரையின் விளிம்பு சுவராகி நிறுத்திவிடும். விட்டுவந்த காசு, உடைக்காத பெட்டி, நுழையாத குழாய் எதுவும் இனி இல்லை. இயந்திரத்துக்குள் நடப்பதும் அதுதான். வலப்பக்கம் வரப்போகும் காட்சி பத்தி பத்தியாக எழுதப்படுகிறது. எழுத இடம் வேண்டுமே, கடந்துபோன பத்திகளின்மேலேயே எழுதப்படுகிறது. இதை வெறும் இயந்திரக் குறைபாடு என்று ஒதுக்க முடியாது. 1988இல் அதே இயந்திரத்துக்கு வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’இல் திரும்பி நடக்கலாம். 1985இல் அவர்கள் ஒரு வரம்பை எடுத்துக்கொண்டு அதை விதியாக்கினார்கள்.

இதில் இன்னொரு சூக்ஷ்மம் உண்டு. நான்காவது உலகத்தின் கோட்டையிலும் ஏழாவதன் கோட்டையிலும் சரியான வழியில் போகாவிட்டால், வந்த பாதையே மறுபடியும் வலப்பக்கத்திலிருந்து வரும். திரை முன்னோக்கியே நகர்கிறது, நாமும் ஓடிக்கொண்டே இருக்கிறோம். ‘நீ இங்கே ஏற்கெனவே வந்தாய்’ என்று சொல்ல யாருமில்லை. கடிகாரம் மட்டும் இறங்குகிறது. இந்த உலகத்தில் திரும்பி வருவதற்கு இருக்கும் வழி, முன்னேறுவதாக நினைத்து ஏமாறுவதுதான். சிறு வயதில் இந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட திகிலை, பின்னால் நான் பெரிதாக எடுத்துப் படித்த சில ஐரோப்பிய நாவல்கள்கூடத் தரவில்லை.

சிறு வயது என்றேன். காஞ்சிபுரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி, இரண்டு டி.வி. வைத்து, மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஆட விட்டார் ஒருவர். ஸாமுராய், லிட்டில் மாஸ்டர், மீடியா என்று 1990களில் நம் ஊர்களில் புழங்கிய பெட்டிகளில் ஒன்று. நிண்டெண்டோ என்ற பெயரை அந்த வயதில் நான் கேட்டதில்லை. கேசட்டின்மேல் 9999999 இன் 1 என்று ஒட்டியிருக்கும். உள்ளே ஏழெட்டு விளையாட்டுகள்தான் திரும்பத் திரும்ப, வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி. பல கேசட்டுகளில் முதல் திரையிலிருந்து உரிமையாளர் பெயரே சுரண்டப்பட்டிருந்தது. ஏடு பெயர்த்தெழுதியவன் கை நமக்குத் தெரிந்ததுதான்: பாயிரம் விட்டுப்போகும், இடையில் ஒரு பாட்டு இரண்டு தரம் வரும், எழுதியவன் பெயர் உதிர்ந்திருக்கும். உ.வே.சா. ஏடு தேடி அலைந்த தேசத்தில் இந்தப் பாடபேதங்களைத் தொகுத்துவைக்க ஒரு ஆள் இல்லை. அந்தக் கேசட்டுகள் இப்போது குப்பையில்.

எங்களுக்குக் கிடைத்த பாடத்தில் கதை கிடையாது. மூலப் பெட்டியோடு ஒரு கையேடு உண்டு. நான் அதை வாசித்தது முப்பது வயதுக்குமேல், வாசித்தபின் சங்கடமாகிவிட்டது. காளான் ராஜ்யத்துச் சாதுவான பிரஜைகளை ஆமைக்கூட்டம் மந்திரத்தால் கற்களாகவும் செங்கற்களாகவும் செடிகளாகவும் மாற்றிவிட்டதாம். அந்த மந்திரத்தை அவிழ்க்க இளவரசியால்தான் ஆகும், அதனால்தான் அவளை மீட்க வேண்டுமாம். அப்படியானால் நாங்கள் அத்தனை வருஷம் தலையால் முட்டி நொறுக்கிய செங்கற்கள் யார்? கால் பட்டுக் கல் பெண்ணான கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இங்கே தலை பட்டு, கல்லான குடிமகன் தூளாகிறான், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. மியாமோட்டோ குழு இதை யோசித்ததா, கையேட்டுக்காகப் பின்னால் ஒட்டியதா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு படைப்பின் கதை ஒன்றைச் சொல்ல, அதன் கை வேறொன்றைச் செய்கிறது. இந்த விரிசலில்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

உயிர் என்றதும் ஞாபகம் வருகிறது. கடையில் எங்கள் பாஷை அதுதான். ‘எத்தனை உயிர்டா இருக்கு?’ ‘அந்தச் செங்கல்லுல ஒரு உயிர் இருக்கு, வாங்கிக்க.’ நூறு காசு சேர்த்தால் ஒரு உயிர். நேரம் முடிந்தபிறகும் எழுந்திருக்காத பையன்களைப் பார்த்துக் கடைக்காரர், ‘உயிர வாங்காதீங்கடா’ என்று கத்துவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவருக்குக் கடைசிவரை அந்தச் சிரிப்பின் காரணம் பிடிபடவில்லை.

நான் இப்போது குடியிருப்பது வடக்குப்பட்டில், ஒரகடத்தை ஒட்டிய ஊர். கவிதையில் வரும் பஸ்கள் என் ஜன்னலுக்குக் கீழேதான் திரும்புகின்றன. எதிர் அறையில் ஆறு பேர், எல்லாம் உதிரிபாகக் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை. அவர்களில் செஞ்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் கைபேசியில், பழைய இயந்திரம் மாதிரி நடிக்கிற ஒரு செயலியை இறக்கி, இந்த விளையாட்டையே ஆடிக்கொண்டிருப்பான். அவன் பிறக்கும்போதே அது கிழடு. எட்டாம் உலகத்தில் ஒரு பள்ளம்: ஓடிவந்து, ஒற்றைக் கல் அகலத்தில் காலூன்றி, நிற்காமல் மறுபடி தாவ வேண்டும். ஒரு வாரமாக அந்த ஒரே இடம். ஒரு நாள் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெட்டியை விட்டுவிட்டாயே என்றேன்.

‘பின்னாடி போவாது சார். மொதல்லயே எடுத்துடணும்.’

சாதாரணமாகச் சொன்னான், மழை வரும் சார் என்கிற மாதிரி. அந்தச் சந்தர்ப்பத்தில்தான் நண்பரின் கவிதையை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். விமர்சகனுக்கு இது அழகல்ல, தெரியும். உழைப்பாளியைச் சாட்சிக்கு அழைத்து வாதத்தை ஜெயிக்கிற மலிவான பழக்கத்தை நானே பலரிடம் கண்டித்திருக்கிறேன். ஆனாலும் வாசித்தேன். அவன் மரியாதையாகக் கேட்டான். இளவரசி வந்த இடத்தில் சிரித்தான். பிறகு, ‘மாரியோ நின்னா யாரும் கேக்க மாட்டாங்க சார்’ என்றான்.

நான் இடது ஓரத்தையே வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். திரும்பத்தான் முடியாது, நிற்கலாம். 1985இன் அந்தத் திரை நாம் நகர்த்தினால்தான் நகரும். கட்டத்தின் நடுவில் கையை எடுத்துவிட்டுப் பெட்டிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கலாம். கடிகாரம் இருக்கிறது, உண்மை: 400இல் தொடங்கி இறங்கும், அதன் ஒரு எண் அரை விநாடிக்கும் குறைவு, நூறைத் தொட்டதும் இசை பதற்றப்படும், பூஜ்யமானால் ஒரு உயிர் போகும். ஆனால் அதுவரை அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பது ஆடுகிறவன் இஷ்டம். லைனில் நிற்பவனுக்கு இது இல்லை. பாகம் அவன் முன்னால் வந்துகொண்டே இருக்கும். ஆக, கவிதையின் உவமை கையைச் சுட்டிக்காட்டும் இடத்திலேயே உடைகிறது. யாருக்கு நிற்க முடியுமோ அவன் பெயரை, யாருக்கு நிற்க முடியாதோ அவனுக்குச் சூட்டிவிட்டார் நண்பர்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று எனக்கு இருக்கிறது. என் வீட்டுக்கார அம்மாள் மாடியில் வற்றல் உலர்த்தும்போது, தூரத்தில் தெரிகிற ஒரு காம்பவுண்டு சுவரைக் காட்டி, ‘அதுக்குள்ளாறதான் எங்கம்மா ஊட்டுக் களம்’ என்பார். சிப்காட்டுக்கு நிலம் எடுத்தபோது போனது. பணம் வந்தது, போனது. அந்தச் சுவருக்கும் திரையின் இடது ஓரத்துக்கும் உவமை சொல்வது எனக்கும் எளிது; நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. சொல்லக் கூடாது. ஆட்டத்துக்குள் நுழைகிறவன் விதியை ஒப்புக்கொண்டு நுழைகிறான். இடது ஓரம் அவன் சம்மதித்த சுவர், அதனால்தான் அது அவனுக்கு இன்பமும் தருகிறது. களத்தை இழந்த அம்மாளிடம் யார் ஆட்டம் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினார்கள்? ஆட்டத்தில் சேராதவரை ஆட்டக்காரராக்கி எழுதும்போது, கவிதை தன்னையறியாமல் ஒரு கையெழுத்தை அவருக்காகப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. எதிர்ப்புக் கவிதை என்ற தோரணையில் இது நடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த விளையாட்டு விட்டுச்சென்ற சொத்து என்ன என்று பேசுகிறவர்கள் விற்பனைக் கணக்கைச் சொல்வார்கள். 4 கோடிக்குமேல் விற்றது, இருக்கட்டும். இரண்டு வாரிசுகளைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல இருக்கிறது. இரண்டும் இந்தச் சாலையோடு சம்பந்தப்பட்டவை.

ஒன்று ‘பௌன்ஸ்’. நோக்கியா கைபேசிகளோடு வந்த சிவப்புப் பந்து. நம் ஊர்ப் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் முதல் தாவல் விளையாட்டு அதுதான், மாரியோ அல்ல. பந்து உருண்டு, தாவி, வளையங்களினூடே புக வேண்டும். எல்லா வளையங்களிலும் புகுந்தபிறகே வாசல் திறக்கும். ஒன்றை விட்டுவிட்டால் திரும்பிப் போய்த்தான் ஆகவேண்டும். சிறுத்தால் நீரில் மூழ்கும், பெருத்தால் மிதக்கும். ஆகவே சில வளையங்களுக்காகப் பெருக்கவும் சிலவற்றுக்காகச் சிறுக்கவும் வேண்டும். எனக்கு இது பாண்டியாட்டத்தை நினைவுபடுத்துகிறது. தெருவில் கட்டம் கீறி, சில்லை எறிந்து, நொண்டியடித்துப் போவதோடு ஆட்டம் முடிவதில்லை. அதே கட்டங்களில் கோட்டை மிதிக்காமல் திரும்பி வந்தால்தான் கணக்கு. மாரியோவின் கண்டிப்பு பௌன்ஸில் இல்லை, இசை மகா அசடு, சில கட்டங்கள் வெறும் எரிச்சல். ஆனால் விட்டதை எடுக்கத் திரும்பிப் போ என்று அது சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பிறகு அந்தக் கட்டடத்தை சால்காம்ப் என்ற இன்னொரு கம்பெனி வாங்கியது. இதற்குமேல் இதை இழுத்தால் நானும் உவமையில் விழுந்துவிடுவேன்.

மற்றது ‘சூப்பர் மாரியோ ரன்’. 2016 டிசம்பரில், முதலில் ஐபோனுக்கு வந்தது. அந்த ஐபோன் பின்னால் இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் பூட்டப்படலாயிற்று. இதில் மாரியோ தானாகவே ஓடுகிறான். ஆடுகிறவன் செய்யக்கூடியது விரலால் தட்டித் தாவவைப்பது. நிற்க வேண்டுமானால் அதற்கென்று அங்கங்கே வைத்த கட்டைகளின்மேல் ஏறினால்தான் நிற்கலாம். நிற்கும் இடத்தையும் அவர்களே குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கையால் ஆடலாம், பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடலாம் என்பது இதன் பெருமை. மியாமோட்டோவின் கையே இதிலும் இருக்கிறது. தாவலின் நேர்த்தி குறையவில்லை. ஆனால் 1985இல் ஓட்டம் ஒரு முடிவு. ஓடலாமா நடக்கலாமா என்று ஒவ்வொரு கணமும் கட்டைவிரல் தீர்மானித்தது. அதை எடுத்துவிட்டபின் மிஞ்சுவது அநிச்சைச் செயல். ‘டெம்பிள் ரன்’ (2011), ‘சப்வே ஸர்ஃபர்ஸ்’ (2012) என்று பெருகிய ஓட்ட விளையாட்டுகளைப் பார்த்துத் தகப்பனே பிள்ளையை நகலெடுத்தான். நண்பர் தம் பஸ் பையன்களுக்கு உவமை தேடியே தீரவேண்டுமென்றால் இங்கே தேடியிருக்கலாம். அப்போதும் நான் ஆட்சேபிப்பேன், ஆனால் இத்தனை பக்கம் எழுதியிருக்கமாட்டேன்.

ஒரு விஷயம் பாக்கி. எங்கள் ஊரில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், சுமார் 12,000 ஆண்டுக்கு முந்தைய கல்லாயுதப் பட்டறை ஒன்று வெளிப்பட்டது. நண்பரின் அடுத்த கவிதையில் அந்தக் குழி பச்சைக் குழாயாகிவிடுமோ என்று எனக்கு நிஜமாகவே பயம். நான் அதைக் குறிப்பிடுவது வேறு காரணத்துக்காக. கல்லிலிருந்து தெறித்த சில்லு மறுபடி ஒட்டாது. ஒவ்வொரு அடியும் முந்தைய அடி விட்டுவைத்த விளிம்பிலிருந்துதான் தொடங்க முடியும். ஆனால் தொல்லியலாளர்கள் சில இடங்களில் சிதறிய சில்லுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, தாய்க்கல்லைத் திரும்ப உருவாக்கிப் பார்ப்பதுண்டு. அப்போது எந்த அடி முதலில் விழுந்தது, எங்கே கல் தவறாகத் தெறித்தது, தவறியபின் அந்தக் கை என்ன செய்தது என்பது வரிசையாகத் தெரியவரும். மியாமோட்டோவும் தெஸுகாவும் ஒவ்வொரு கட்டத்தையும் கட்டம்போட்ட காகிதத்தில் கையால் வரைந்தார்கள். தரையுள்ள பள்ளம் முன்னால், தரையில்லாத பள்ளம் பின்னால் என்று வைத்தது ஒரு அடி. திருப்பத்தை அடைத்தது ஒரு அடி. இவற்றைப் பொருத்திப் பார்ப்பதுதான் விமர்சனம் என்று நான் நம்புகிறேன். ஆட்டத்தில் இல்லாவிட்டாலும் அதில் இடப்பக்கம் நடக்கலாம். பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் ப்ரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது தானாக உடைந்த கல் அல்ல என்று கண்டுகொண்டபோது அவர் செய்ததும் இந்த வகை வாசிப்பே.

செஞ்சிப் பையன் போன வாரம் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டான். தாண்டியதும் ஓடவில்லை. அந்தப் பக்கத்தில் மாரியோவை நிறுத்திவைத்துவிட்டு எனக்குக் காட்டினான். கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது, அவன் அதைக் கவனிக்கவில்லை.

கவிதையை மூன்றாம் முறையும் வாசித்தேன். நடுவில் நாலு வரி இருக்கிறது, உவமை எதுவும் இல்லாமல். ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் காரணமில்லாமல் நிற்கிறது, டிரைவர் இறங்கிப் போய் டீ குடிக்கிறார், உள்ளே யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடும்படி நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.